சிறுதேரும் வெண்பனியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் கொல்லிமலையில் நிகழ்த்திய உரை)



பனி பொழியும் தோட்டத்தில் பொம்மைப் புகைவண்டி விடுவதைப் பற்றியும், அதை நிழற்படம் எடுப்பதைப் பற்றியும் பேசப் போகிறேன் என்று அழைப்பிதழில் கண்டபோது உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். புகைவண்டியே ஏறாத மலை இது. அடிவாரத்து மாவட்டத் தலைநகரான நாமக்கல்லுக்கே 2013இல்தான் இருப்புப் பாதை வந்தது. பனியென்றால் இங்கே மார்கழி மூடுபனி. கையில் அள்ள முடியாத பனி. இரண்டும் இல்லாத இடத்தில் இரண்டையும் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். ஆனால் உருவம் செய்து வைத்து அதற்கு உயிர் இருப்பதாக நம்பிய மலை இதைப்போல் தமிழ்நாட்டில் வேறில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

சிறிய வண்டி செய்து விளையாடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரைக் கேட்டால் வேறு சொல்வார். பட்டினப்பாலையில் புகார் நகரத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரை உருட்டிச் செல்கிறார்கள். முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்த வந்த கோழியின்மேல் ஒரு பெண் வீசிய பொற்குழை அந்தத் தேரின் வழியை மறிக்கிறது. பாதையில் கிடந்த தடையால் வண்டி நின்றது பற்றித் தமிழில் உள்ள முதல் செய்தி இதுவாகத்தான் இருக்கும். அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்து கொடுத்த சிறுதேரைக் காட்டுகிறார். பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பிள்ளைக்குப் பத்தாம் பருவமாக, முடிந்த முடிபாக, சிறுதேரைத்தான் வைத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானது குறுந்தொகையின் 61ஆம் பாட்டு. தும்பிசேர்கீரனார் பாடியது. தச்சன் செய்த சிறு வண்டியில் சிறுவர் ஏறிச் செல்ல இயலாது; ஆயினும் கையால் இழுத்தே இன்பம் காண்கிறார்கள் என்பது அதில் வரும் உவமை. பாட்டின் பொருள் வேறு; தோழி தலைவியின் மனநிலையைச் சொல்ல வந்தவள். ஆனால் பொம்மை வண்டிக்காரர்களின் நெஞ்சை இத்தனை சுருக்கமாகச் சொன்னவர் உலகில் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஏற முடியாத வண்டி. ஏற முடியாததனாலேயே கூடும் இன்பம்.

நம் வீடுகளில் நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா அமைப்போம். மணல் பரப்பி, கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, சாவி கொடுத்தால் ஓடும் தகர வண்டியை வட்டமாக விடுவோம். மூலையில் கைலாயம்; அதன்மேல் பஞ்சு. பனிமலையைக் கண்ணால் கண்டிராத நம் தாய்மார்கள் பஞ்சைப் பிய்த்து வைத்த பனி அது. தோட்டப் புகைவண்டி என்று மேனாட்டார் சொல்வது இந்தப் பூங்காவை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்ததுதான்.

அதை உலகெங்கும் பரப்பியது ஜெர்மனியின் லேமன் நிறுவனம். 1881இல் பிராண்டன்பர்க்கில் தகரப் பொம்மை செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. டார்ஜீலிங் மலைப்பாதை திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். தற்செயல் ஒற்றுமை, என்றாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூரன்பர்க்குக்குக் குடிபெயர்ந்த அந்த நிறுவனம் 1968இல் எல்.ஜி.பி. என்னும் பெயரில் வெயிலிலும் மழையிலும் பனியிலும் ஓடக்கூடிய பெரிய பொம்மை வண்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006இல் நொடித்துப்போய், மறு ஆண்டு மார்க்லின் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர். உண்மை வண்டியில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு அளவு. 45ஐ 22.5ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒரு மீட்டரும் கொஞ்சமும் வரும். மீட்டர் பாதை. நம் நீலகிரி மலைப்பாதை மீட்டர் பாதை அல்லவா? இந்தக் கணக்குத்தான் என்னை இந்தப் பொருளுக்குள் இழுத்தது.

என் தமக்கையின் கணவர் நீலகிரி மலைவண்டியில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். அந்த வேலை இன்னதென்று பலருக்குத் தெரியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இல் திறக்கப்பட்டு, 1908இல் உதகைக்கு நீட்டப்பட்ட பாதை அது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தொடங்கிக் குன்னூர்வரை 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் ஏற்றம். அங்கே இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளும். பெட்டிகள் பிரிந்தால் உருண்டு போய்விடக் கூடாதே என்ற ஏற்பாடு. ஆகவே ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் செல்லும் பெட்டியின் திறந்த முகப்பில் நிற்பவர்தான் வண்டியின் கண். பாதையில் பாறை விழுந்திருந்தாலும் யானை நின்றாலும் கொடி காட்ட வேண்டியவர் அவர். எஞ்சின் ஓட்டுநருக்கு வெப்பமாவது உண்டு. முகப்பில் நிற்பவருக்கு எதிர்க்காற்று மட்டும்.

மைத்துனர் மறைந்தபோது அவர் மகன் கனடாவில் இருந்தான். டொரண்டோவை அடுத்த ஊர். உரிய நேரத்தில் வர இயலவில்லை. அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. அடுத்த கோடையில் வீட்டுக்குப் பின்னால் 30 மீட்டர் நீளத்துக்குப் பித்தளைத் தண்டவாளம் பதிக்கத் தொடங்கினான் என்பதுதான் எங்களுக்கு வந்த செய்தி. முழு நீலகிரிப் பாதையையும் அந்த அளவில் போட வேண்டுமானால் 2 கிலோமீட்டர் நீளம் வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் உள்ள உயர வேறுபாட்டுக்குத் தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தைக் காட்டிலும் உயரமான மேடு வேண்டும். அவன் போட்டது ஒரு துண்டு ஏற்றம், ஒரு பாலம், ஒரு நிலையம். பல் சட்டம் வைத்த பாதையும் அந்த அளவில் கிடைக்கிறது. பெட்டிகளுக்கு நீலமும் வெண்மஞ்சளும் பூசினான். முகப்பில் நிற்க ஓர் ஆள் செய்தான். ஐந்தரை அடி மனிதர் அந்த அளவில் ஏழரை சென்டிமீட்டர்; என் நடுவிரல் நீளம்.

நான் அங்கே ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். பனியில் வண்டி விடுவது எளிய காரியமன்று. தண்டவாளத்தின் வழியே மின்சாரம் செலுத்தி ஓட்டும் வண்டிக்கு, சக்கரத்துக்கும் பித்தளைக்கும் இடையே மெல்லிய பனிக்கட்டிப் படலம் படிந்தால் போதும், உயிர் போய்விடும். ஆதலால் அவன் மின்கலத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்து வானொலி அலையால் இயக்கினான். குளிரில் மின்கலமும் சோரும். வீட்டுக்குள் வெதுவெதுப்பாக வைத்திருந்து கடைசி நிமிடத்தில் பொருத்த வேண்டும். உண்மையான நீராவியில் ஓடும் சிற்றெஞ்சின்களும் உண்டு. இங்கிலாந்தின் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் டார்ஜீலிங் எஞ்சினையே அப்படிச் செய்து விற்றிருக்கிறது. அவற்றின் எரிவாயு பியூட்டேன். சுழியம் பாகைக்குச் சற்றுக் கீழே போனாலே அது ஆவியாக மறுக்கும். கலத்தை வெந்நீரில் நிறுத்தி எழுப்ப வேண்டும். இத்தனை பாடுபட்டவர்களுக்குக் குளிர் ஒரு பரிசு வைத்திருக்கிறது. கோடையில் கண்ணுக்கே தெரியாத நீராவி, குளிரில் உடனே குளிர்ந்து வெண்முகிலாகத் திரண்டு நிற்கும்.

பனியிலும் சாதி உண்டு. சுழியத்தை ஒட்டிய ஈரப்பனி சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியைத் தூக்கி வெளியே போடும். சுழியத்துக்குப் பத்துப் பாகை கீழே விழும் பனி அரிசிமாவைப்போல் உதிரி; கலப்பை மாட்டிய எஞ்சின் அதைக் கிழித்துக்கொண்டு போகும். பொழியத் தொடங்கியதும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் பாதையைக் காக்கும் வழி. நின்றால் மூடிவிடும்.

நிழற்படம் எடுப்பதில் உள்ள நுணுக்கம் கவிஞர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். நிழற்படப் பெட்டியின் ஒளிமானி உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. முழு வெண்மையைக் காட்டினால் அதையும் சாம்பலாகவே பதிவு செய்யும். பனி வெள்ளையாக வர வேண்டுமானால் கருவி சொல்வதைக் காட்டிலும் ஒன்றரை மடிப்பு, இரண்டு மடிப்பு அதிக ஒளியைக் கொடுக்க வேண்டும். அடுத்து, கண்ணின் உயரம். நின்றுகொண்டு எடுத்தால் அது பொம்மை. வயிறு நனையப் பனியில் படுத்து, அரிசிப் பை ஒன்றின்மேல் பெட்டியை வைத்து, அந்த ஏழரை சென்டிமீட்டர் மனிதனின் கண் மட்டத்துக்கு இறங்கினால் அது வண்டி. துவாரத்தை மிகவும் சுருக்கி வைத்தால்தான் முகப்பும் கடைசிப் பெட்டியும் ஒருங்கே தெளியும். அமெரிக்காவின் வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை கடைசி நீராவி வண்டிகளை இரவில் ஒளிவிளக்குக் குமிழ்களை வரிசையாகக் கட்டிப் படம்பிடித்தார். உண்மை வண்டிகளின் அந்தப் படங்களில் உலகம் பொம்மையைப்போல் ஒழுங்குபட்டுத் தோன்றும். தோட்டத்தில் படுத்துக் கிடப்பவன் தேடுவது அதற்கு நேர் எதிரானது.

ஆனால் ஒன்றை எவராலும் சிறிதாக்க முடியாது. எஞ்சினைச் சுருக்கலாம், பாலத்தைச் சுருக்கலாம். பனித்துளியைச் சுருக்க இயலாது. ஐந்து மில்லிமீட்டர்ப் பனிச்செதிள் ஒன்று பெட்டியின் முன்னே விழும்போது, அந்த உலகத்தின் கணக்கில் அது பதினொரு சென்டிமீட்டர்; உள்ளங்கை அகலம். எந்த வானத்திலிருந்தும் அப்படி ஒரு பனி விழுந்ததில்லை. ஆகவே பொழியும்போது எடுத்த படங்கள் பொய்யாகிப் போகும். பொழிந்து ஓய்ந்தபின் எடுத்தவை நிற்கும். உவமையைச் செதுக்கிவிடலாம், இயற்கையிலிருந்து ஒரு சொல்லை நேரே எடுத்து வைக்கும்போது அதன் அளவு உவமையின் அளவோடு மோதும். புதுக்கவிதைகளில் வரும் பனிக்கு இந்தக் குறை நிறைய உண்டு. எங்கள் தலைமுறைக்குப் பனி மாஸ்கோவிலிருந்து வந்தது. முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மலிவு விலையில் தந்த மொழிபெயர்ப்பு நாவல்கள் வழியாக. வேட்டி கட்டிய நாயகன் அந்தப் பனியில் நடப்பதை எத்தனை கவிதைகளில் படித்துவிட்டோம்! புலம்பெயர்ந்த ஈழத்துக் கவிஞர்கள் பனியையும் பனி சார்ந்த நிலத்தையும் ஆறாம் திணை என்று குறித்தபோதுதான் தமிழ்ப்பனியில் ஈரம் ஏறியது.

அவன் அந்தக் குளிர்காலத்தில் எடுத்தவற்றில் மிகச் சிறந்தது என்று எண்ணிய படத்தைப் பெரிதாக்கித் தாய்க்கு அனுப்பினான். ரன்னிமேடு நிலையம், தமிழில் எழுதிய பலகை, அரையடி உயரத்துக்குப் பனி, அதைப் பிளந்துகொண்டு ஏறும் எஞ்சின். ஓவியம்போல் இருந்தது. என் தமக்கை எட்டாம் வகுப்புவரை படித்தவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டார்:

“இது ஏறுகிற வண்டியா, இறங்குகிற வண்டியா?”

“ஏறுகிற வண்டிதான் அம்மா.”

“எஞ்சின் முன்னாலே இருக்கிறதே. அப்படியானால் அப்பா எங்கே நிற்பார்?”

மறுமுனையில் பேச்சில்லை. தமக்கையே தொடர்ந்தார். ரன்னிமேட்டில் பனி எப்போது விழுந்தது? உதகையிலும் தலைகுந்தாவிலும் விழுவதுகூட இப்படிக் குவியாது; புல்நுனியில் உப்புப் பூத்தாற்போல் இருக்கும். விடியலில் தண்டவாளமும் வெளுத்திருக்கும். முதல் வண்டி போனதும் இரண்டு கருங்கோடு விழும். பிறகு வெயில் வந்துவிடும்.

நான் கேட்ட இலக்கியத் திறனாய்வுகளில் இதற்கு இணையானது ஒன்றோ இரண்டோ. அதில் கடுமை இல்லை, பாராட்டும் இல்லை. தெரிந்த ஒருவர் தெரிந்ததைச் சொன்னார்.

உறைபனி எப்படி வருகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்லிலும் குழப்பம் இருப்பதால். நம் மொழி பனி என்ற ஒரே சொல்லில் புல்லில் கோத்த துளியையும், கண்ணை மறைக்கும் மூட்டத்தையும், இமயத்தின் வெள்ளையையும் அடக்கிவிட்டது. நீலகிரி மக்கள் பிரித்துச் சொல்வார்கள்: முதலில் நீர்ப்பனி விழும், பிறகு உறைபனி. விழும் என்கிறோமே தவிர, உறைபனி விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இறைத்துவிட்டு, காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. ஆளுயரத்தில் வெப்பமானி சுழியத்துக்கு மேலே இரண்டு மூன்று பாகை காட்டும்போதே புல் சுழியத்துக்குக் கீழே போய்விடும். காற்றின் ஈரம் நீராகாமலே புல்மேல் பளிங்காக முளைக்கிறது. குளிர்காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எனவே மேட்டில் இல்லாத உறைபனி பள்ளத்துப் புல்வெளியில் இருக்கும். விடிந்து இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். கரைந்த பிறகுதான் தேயிலைக் கொழுந்து கருகத் தொடங்கும். சிறு விவசாயி இளஞ்செடிகளைத் தழை போட்டு மூடி வைத்துவிட்டு, விடியுமட்டும் தூங்காமல் இருக்கிறான். அவன் தோட்டத்து ஓரத்தில் படுத்துக்கொண்டு நாம் அழகைப் படம் எடுக்கிறோம் என்பதையும் மறந்துவிடலாகாது.

தாய் சொன்னதைக் கேட்ட மகன் என்ன செய்தான்? முதலில் எஞ்சினைப் பின்னுக்கு மாற்றினான். முன் பெட்டியின் முகப்பில் ஆளை நிறுத்தினான். ரன்னிமேடு என்ற பலகையைப் பிடுங்கிவிட்டான்; வேறு ஊர்ப் பெயரும் எழுதவில்லை. பிறகு காத்திருந்தான். பெரும்பனிக்காகப் பலரும் காத்திருக்கும் நாட்டில் அவன் மிகச் சிறிய பனிக்காகக் காத்திருந்தது அக்கம்பக்கத்தாருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். உதகையில் இரண்டு மில்லிமீட்டர் படிவது அந்த அளவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மூச்சு விட்டால் கலையும் பனி. நவம்பர்க் கடைசியில் ஒரு விடியலில் அது கிடைத்தது. வண்டியை ஒரே ஒரு முறைதான் ஓட்ட முடியும். இரண்டாம் முறைக்குத் தண்டவாளம் வெளுத்திராது. ஒரு முறை ஓட்டினான், பக்கவாட்டிலிருந்து எடுத்தான்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது என் தமக்கை வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “மப்ளர் இல்லாமல் நிற்கிறாரே” என்றார்.

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த கொல்லிப்பாவை. பூதம் ஒன்று இம்மலையில் ஒரு பெண்ணுருவை அமைத்து வைத்தது என்பது சங்கத்தார் கேட்ட கதை. நற்றிணையில் பரணர், காற்று மோதினாலும் மழை கடுகினாலும் இடி எறிந்தாலும் நிலமே அசைந்தாலும் அதன் எழில் குன்றாது என்கிறார். பிற்காலத்தார் அது சிரிக்கும், அசையும், அருகில் வந்தாரைக் கொல்லும் என்று எந்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். இன்று எட்டுக்கை அம்மனாக வழிபடுகிறோம். எனக்குப் பரணர் சொன்னதே போதும். வானிலை எல்லாம் வரிசையாக வந்து மோதுகிறது, உருவம் நிற்கிறது. டொரண்டோவின் தோட்டத்தில் ஏழரை சென்டிமீட்டரில் ஓர் ஆள் நிற்கிறார். பனி, மழை, வெயில், மீண்டும் பனி. வண்ணம் ஆண்டுக்கு ஒருமுறை உரிகிறது; மகன் மறுபடி பூசுகிறான். பரணருடைய பாவைக்கு அந்தத் தேவை இல்லை. மனிதன் செய்ததற்கு உண்டு.

மறுதலையாக ஒரு கணக்கும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. கனடாவில் உதகையைக் காண மிகச் சிறிய பனி வேண்டியிருந்தது. உதகையில் அந்தச் சிறுவண்டியை வைத்தால்? நான்கு மில்லிமீட்டர்ப் பளிங்கு முளைத்த புல்வெளி அதற்கு ஒன்பது சென்டிமீட்டர்ப் பனி. சிம்லாவுக்குப் போகும் வண்டி குளிர்காலத்தில் காணும் காட்சி அது. தமிழ்நாட்டில் பனிப்பொழிவு இல்லை என்பது நம் அளவில் உள்ளவர்களுக்குத்தான். வருகிற சனவரியில் மருமகன் வருகிறான். ஓர் எஞ்சினும் மூன்று பெட்டியும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். தலைகுந்தாவில் பள்ளமான ஒரு புல்வெளியைப் பார்த்து வைத்திருக்கிறேன். நிலத்துக்கு உரியவரிடம் கேட்டும் விட்டேன். விடியல் ஐந்து மணிக்கு வந்து படுத்துக்கொள்ள இசைபவர்கள் கூட்டம் முடிந்தபின் என்னிடம் பெயர் கொடுக்கலாம். தமக்கையும் வருகிறார், மப்ளர் ஒன்றைப் பின்னி முடித்துவிட்டார், ஒரு விரல் அகலத்தில்.

படங்கள் ஐந்தும் மேசைமேல் உள்ளன. ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள்.